ரீபாண்டிங் முடித்த முடி: பாட்டிலுக்குள் இல்லாத பராமரிப்பு

ரீபாண்டிங் செலவு பார்லர் நாற்காலியோடு முடிவதில்லை. எழுந்து கண்ணாடி பார்க்கும்போதே பில்லோடு ஒரு பையும் வந்து நிற்கிறது. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, அதற்கு ஜோடியாக ஒரு கண்டிஷனர், வாரம் ஒருமுறை போட ஹேர் மாஸ்க், தினமும் தடவ சீரம். இவற்றைத் தவிர வேறெதுவும் தலையில் படக் கூடாது, பட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. கொமரலிங்கம் மாதிரியான ஒரு பேரூராட்சியிலிருந்து உடுமலைக்கோ பழனிக்கோ பஸ் ஏறிப் போய் முடியை நேராக்கிக்கொண்டு வரும் பெண், பனியன் கம்பெனியிலோ நூல் மில்லிலோ வேலை பார்ப்பவராக இருந்தால், சனிக்கிழமை கைக்கு வரும் சம்பளத்தில் அந்தப் பை நல்ல பங்கைத் தின்றுவிடும். அந்தப் பணத்துக்குத் தகுந்த பலன் அதில் கிடைக்கிறதா என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். நேராக்கிய முடியைக் காப்பாற்றுவதில் அந்தப் பைக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது என்பதே என் வாதம். பெரிய பங்கு காசே செலவாகாத சில பழக்கங்களுக்கும், பார்லரில் கேட்டு வாங்க வேண்டிய சில விவரங்களுக்கும் உரியது.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சரங்களைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். சுருட்டையோ, அலையலையானதோ, கோரை முடியோ, அதன் வடிவம் நிலைத்து நிற்பதற்கு இந்தப் பிணைப்புகளே முக்கியக் காரணம். ரீபாண்டிங்கில் முதலில் பூசுகிற க்ரீமில் பெரும்பாலும் இருப்பது அம்மோனியம் தயோகிளைகோலேட். அதன் பி.எச். அளவு 9-ஐ ஒட்டி இருக்கும். அதாவது நல்ல காரம். அறையையே நிறைக்கும் அந்த நெடியோடு அது முடிக்குள் இறங்கி, கந்தகப் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. பிறகு அலசி, உலர்த்தி, 180 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடேறிய தகடுகளுக்கு நடுவே கொத்துக் கொத்தாக இழுத்து நேராக்குகிறார்கள். கடைசியாக வருகிற நியூட்ரலைசரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கிறது. அறுந்த பிணைப்புகளை அது புதிய நிலையில் மறுபடி கோக்கிறது. எல்லாவற்றையும் கோப்பதில்லை. கோக்காமல் விட்டவை விட்டவைதான். அந்த அளவுக்கு முடியின் பலம் நிரந்தரமாகக் குறைகிறது. இதற்கிடையே க்ரீமின் காரம் முடியின் வெளிச்செதில்களைத் தூக்கிவிட்டு, அவற்றின் மேல் இயற்கையாகவே ஒட்டியிருந்த மெல்லிய கொழுப்புப் படலத்தையும் உரித்துவிடுகிறது. தண்ணீர் வழுக்கி ஓடிய முடி அதன் பிறகு தண்ணீரைக் குடிக்கிற முடியாகிறது. ஒரு முடி இன்னொன்றோடு உரசும்போது சிக்கிக்கொள்கிறது.

திருப்பூரில் சாயப்பட்டறை வேலை தெரிந்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. நிட்டிங்கிலிருந்து வரும் துணியைக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு வெளுத்து, அசிட்டிக் அமிலம் விட்டுக் காரத்தை முறித்து, சாயம் ஏற்றி, கடைசிக் குளியலில் சாஃப்ட்னர் கொடுத்து வெளியே எடுக்கிறார்கள். முடியை நேராக்கும் க்ரீம்களில் காஸ்டிக் சோடாவையே நேரடியாகச் சேர்த்த ஒரு வகையும் உலகச் சந்தையில் உண்டு. பருத்தி செல்லுலோஸ், முடி புரதம். காரத்தைத் தாங்குவதில் புரதம் இன்னும் பலவீனமானது. ஆனால் சாஃப்ட்னர் விஷயத்தில் பட்டறை அனுபவம் அப்படியே இங்கும் பொருந்தும். வெளுப்பு அதிகமாகி நைந்துபோன துணிக்கு எவ்வளவு சாஃப்ட்னர் கொடுத்தாலும் கைக்கு மிருதுவாக இருக்கும், பலம் திரும்பாது. ஹேர் கண்டிஷனரில் இருப்பவையும் அதே குடும்பத்துப் பொருள்கள்தான்: நேர்மின்னூட்டம் கொண்ட சாஃப்ட்னர் மூலக்கூறுகள், சிலிக்கோன் எண்ணெய்கள். சிதைந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் இவை அங்கே நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. சிக்கு குறைகிறது, பளபளப்பு வருகிறது, சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது. அடுத்த குளியலில் பெரும்பகுதி கழுவிப் போய்விடுகிறது.

ஆகவே கண்டிஷனர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நேராக்கிய முடிக்கு ஒவ்வொரு குளியலிலும் கண்டிஷனர் அவசியம். உரசலைக் குறைப்பதே உடைவதைக் குறைப்பது. ஆனால் அந்த வேலையைச் செய்ய மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்டிஷனரே போதும். மாஸ்க் என்பது பெரும்பாலும் இன்னும் கெட்டியான கண்டிஷனர். "எனக்கு அந்த விலையுயர்ந்த ஷாம்பு போட்டால்தான் முடி நன்றாக இருக்கிறது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் உணர்வது உண்மையான வழவழப்பு. அதை முடி குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் குணமாகிவிட்டது என்று நம்பியே அடுத்த தடவை சீக்கிரமாகவே பார்லருக்குப் போகிறார்கள். தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிரணு கிடையாது. புண் ஆறுவது மாதிரி அது ஆற வழியில்லை. அறுந்த பிணைப்பையே திரும்ப ஒட்டுவதாகச் சொல்லும் பாண்ட் பில்டர் வகைகள் இப்போது விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றுக்குச் சாதகமான சோதனைகளில் பெரும்பாலானவை தயாரிப்பாளர்களின் பக்கத்திலிருந்தே வருபவை. பணம் மிகுந்திருப்பவர் முயன்று பார்க்கலாம். கடன் சொல்லி வாங்க வேண்டிய பொருள் அது இல்லை.

அப்படியானால் எது காப்பாற்றும்? முதலாவது, நேராக்கிய இடத்தை மறுபடி நேராக்காமல் இருப்பது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு மாதத்தில் வேரை ஒட்டி ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு இயற்கை முடி வந்து, கீழே நேராக இருப்பதற்கும் மேலே சுருண்டிருப்பதற்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். 'டச் அப்' என்பது அந்தப் புது வளர்ச்சிக்கு மட்டும் க்ரீம் பூசுவதாக இருக்க வேண்டும். அவசரத்தில் தலை முழுக்கப் பூசிவிட்டால், ஏற்கெனவே பிணைப்பு இழந்த முடி இன்னொரு முறை இழக்கிறது. கொத்தாக ஒடிந்து கையோடு வருவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. அதுவும் பழைய முடிக்கும் புது முடிக்கும் எல்லையான அந்தக் கோட்டிலேயே ஒடியும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் 2013-இல் முடியியல் ஆய்விதழ் ஒன்றில், முடியை ரசாயனத்தால் நேராக்கிக்கொண்ட 90 பெண்களிடம் கேட்டதை வெளியிட்டார்கள். முடி பரட்டையானதாக 67 சதவீதம் பேரும், பொடுகு வந்ததாக 61 சதவீதம் பேரும், முடி கொட்டியதாக 47 சதவீதம் பேரும் சொன்னார்கள். 90 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிடவும் இல்லை. பொடுகும் முடி கொட்டுவதும் எல்லோருக்கும் வருபவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பரட்டை முடியைப் போக்கவே செய்த சிகிச்சைக்குப் பிறகு மூன்றில் இரண்டு பேர் பரட்டையைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்பதை எண்ணிக்கை சிறியது என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, ஈர முடி. தண்ணீர் பட்டதும் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. ரீபாண்டிங் செய்த முடிக்குக் கந்தகப் பிணைப்பும் முழுமையாக இல்லை என்பதால், குளித்து முடித்த அரை மணி நேரம்தான் அதற்கு ஆபத்தான நேரம். அந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் முடியை மிக முரட்டுத்தனமாக நடத்துகிறோம். சொரசொரப்பான துண்டால் பரபரவென்று துவட்டி, தலையைக் குனிந்து முடியை முன்னால் போட்டு, துண்டைத் திரித்து அடித்து உதறி, மீதி ஈரத்தோடு துண்டையும் முடியையும் சேர்த்து முறுக்கி உச்சியில் கொண்டை போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவது வழக்கம். அடர்ந்த, ஆரோக்கியமான முடி இதைத் தாங்கியது. நேராக்கிய முடி தாங்காது. திருப்பூர்ப் பகுதியில் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய பழைய பனியன் துணி இதற்கு மிகச் சரியான பொருள். பின்னல் துணியில் டவலின் நூல் வளையங்கள் இல்லை, நெகிழ்ந்து கொடுக்கும், தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அதை முடியின் மேல் வைத்து அழுத்தி அழுத்தி ஒற்றி எடுத்தால் போதும். பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரத்தோடு அயர்ன் பண்ணுவதை அடியோடு விட வேண்டும். முடிக்குள் சிக்கிய நீர் கொதித்து, உள்ளேயே குமிழிகள் உண்டாகி, அந்த இடத்தில் முடி ஒடிவது நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்யப்பட்ட விஷயம்.

மூன்று நாள் தலைக்குக் குளிக்காதே, கட்டாதே, காதுக்குப் பின்னால்கூட ஒதுக்காதே என்று பார்லரில் சொல்லும் விதியைத் தனியாகப் பேச வேண்டும். தயோகிளைகோலேட் முறையில் பெராக்சைடு தன் வேலையை நாற்காலியிலேயே பெருமளவு முடித்துவிடுகிறது. 72 மணி நேரம் என்ற அந்தக் கணக்குக்குப் பின்னால் வலுவான ஆதாரம் இருப்பதாகத் தெரியவில்லை. முடியின் மேல் பூச்சாகப் படியும் கெரட்டின் ட்ரீட்மென்ட் வகைகளில் தயாரிப்பாளர் சொல்லும் நேரத்தைக் கடைப்பிடிப்பதில் பொருள் உண்டு. நடைமுறையில் இந்த விதி இரண்டு இடத்தில் கெடுதல் செய்யும். நூல் மில்லில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது உயிருக்கே ஆபத்து. முடி மடியுமே என்று அஞ்சிக் கட்டாமல் வேலைக்குப் போகவே கூடாது. தளர்வாகக் கட்டித் தலைத்துணிக்குள் அடக்குங்கள், அல்லது விடுமுறையை ஒட்டி நாளைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, தலைத்தோலில் எரிச்சலோ கொப்புளமோ வந்தால் மூன்று நாள் விதியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். போன முடி முளைக்கும்; வெந்த தலைத்தோலில் வேரே அழிந்துவிட்டால் அந்த இடத்தில் முளைக்காது.

எண்ணெய் வைக்கலாமா என்பது கொங்கு நாட்டுப் பெண்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பார்லர்களில் பலரும் கூடாது என்கிறார்கள். ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு ரெலே, மொஹிலே என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், கழுவும்போதும் சீவும்போதும் முடி இழக்கும் புரதத்தைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. சாதாரண முடியில் மட்டுமல்லாமல் ரசாயனத்தால் சிதைந்த முடியிலும் இதே முடிவுதான். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் அதற்கான காரணம் வேதியியலில் இருக்கிறது: தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, முடிக்குள் புக வல்லது. குளிப்பதற்கு முந்தைய இரவு, நுனிப் பக்கம் கொஞ்சமாகத் தேய்த்தால் தண்ணீரில் முடி ஊதிப் பெருப்பது குறையும். உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்துகொண்டு, சிறிய பாட்டில் சீரத்துக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. அரப்பு, சீயக்காய் விஷயத்தில் மட்டும் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டிலும் இயற்கையாக நுரை தரும் பொருள் இருக்கிறது. சோப்பு மாதிரி காரம் கிடையாது. ஆனால் பொடியை அப்படியே குழைத்து அரக்கித் தேய்க்கும்போது அதன் திப்பி, தூக்கி நிற்கும் செதில்களில் மாட்டி உரசும். ஊறவைத்து, வடிகட்டி, தெளிவை மட்டும் தலைத்தோலில் ஊற்றிக் கழுவலாம். குளியல் சோப்பைத் தலையில் தேய்ப்பதை விட்டுவிட வேண்டும். அதன் காரம், க்ரீம் செய்த வேலையைச் சிறிய அளவில் தொடர்ந்து செய்யும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புத் தண்ணியில் குளித்தால் முடி போய்விடும் என்று திருப்பூர் மாவட்டத்தில் கேட்காத வீடு இல்லை. கோவை பி.எஸ்.ஜி. மருத்துவமனைத் தோல் மருத்துவர்கள் 15 பெண்களின் முடியை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறு பாதியை வாலை வடிநீரிலும் ஊறவைத்து, ஜவுளி ஆய்வகங்களில் நூலின் பலத்தைச் சோதிக்கும் இன்ஸ்ட்ரான் வகை இயந்திரத்தில் இழுத்துப் பார்த்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: பலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பொதுவான பயத்துக்கு இது நல்ல பதில். நேராக்கிய முடிக்கு இதை அப்படியே நீட்டிவிட முடியாது. பெராக்சைடு பட்ட முடி, படாத முடியைவிடக் கால்சியத்தை அதிகமாகப் பிடித்துவைக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் முடி விறைப்பாகும், சிக்கு ஏறும். கொமரலிங்கம் அமராவதிக் கரையில் இருக்கும் ஊர். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வைத்து, போர் தண்ணீரில் குளித்தாலும் கடைசி அலசலை மட்டும் அதில் செய்தால் போதும்.

இதுவரை சொன்னது முடியைப் பற்றி. உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதியில் நின்றதாகும். கெரட்டின் ட்ரீட்மென்ட், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் செய்யப்படும் பலவற்றில் வேலை செய்வது ஃபார்மால்டிஹைட், அல்லது சூட்டில் அதை வெளியிடும் பொருள்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. 2010-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறை, ஃபார்மால்டிஹைட் இல்லை என்று லேபிள் ஒட்டிய பிரேசிலியன் ப்ளோஅவுட் என்ற முடி நேராக்கும் பொருளின் பாட்டில்களைச் சோதித்து, சராசரியாக 8 சதவீதத்துக்கும் மேல் இருப்பதைக் கண்டது. ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாகப் பரவியது கிளையாக்ஸிலிக் அமிலம். 2024-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு குறிப்பில், 26 வயதுப் பெண்ணுக்கு அந்த அமிலம் சேர்ந்த க்ரீமால் மூன்று முறை முடி நேராக்கியபோதும் மூன்று முறையும் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதே க்ரீமை எலிகளின் முதுகில் பூசிப் பார்த்தபோது சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் படிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு இஸ்ரேலிலிருந்து இப்படி 26 பேரின் விவரம் வெளியாகியிருந்தது. ஆகவே சிகிச்சை முடிந்த ஓரிரு நாளில் வாந்தி, முதுகுவலி, சிறுநீர் குறைவது என்று எது வந்தாலும் சாப்பாடு சேரவில்லை என்று விட்டுவிடாமல், முடி நேராக்கியதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாரத்தில் ஆறு நாளும் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டு நிற்கும் பார்லர் பெண்ணைப் பற்றியும் நினைக்க வேண்டும். வாடிக்கையாளர் வருடத்துக்கு இரண்டு முறை வருபவர். பார்லர் பெண்ணுக்கு அது தினசரி. ஏ.சி.க்காகக் கதவு ஜன்னலை அடைத்த சிறிய அறை அவருடைய நுரையீரலுக்கு எதிரி.

அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் முடியை நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. 70 வயதுக்குள் அந்த நோய் வருவது, பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அங்கே பயன்படுத்தும் க்ரீம் வேறு, பழக்கம் வேறு, தொடர்பு இருப்பதாலேயே இதுதான் காரணம் என்று ஆகிவிடாது என்று மறுக்கலாம். மூன்று மறுப்பும் சரி. எந்த பிராண்டு என்ற விவரத்தையும் அந்த ஆய்வு சேகரிக்கவில்லை. ஒரு முறை செய்துகொண்டவர் இதைப் படித்துப் பதற வேண்டியதில்லை. ஆனால் ஆபத்து தென்பட்டது அடிக்கடி செய்துகொண்டவர்களிடம்தான். இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டுவது முடிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது என்னும்போது, இன்னும் ஆராய்ச்சி முடியட்டும் என்று காத்திருக்க என்ன காரணம் இருக்கிறது?

இவ்வளவு தொல்லை எதற்கு, சுருட்டை முடியோடு இருந்துவிட்டுப் போகலாமே என்று அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களிலிருந்து வேலைக்கு எடுக்கிறவர்கள் வரை எல்லோரும் வழவழவென்று விழும் முடியையே அழகு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, தன் சம்பளத்தில் அதைச் செய்துகொள்ளும் பெண்ணை மட்டும் பிடித்துத் திட்டுவது அநியாயம். காலையில் சிக்கெடுக்கும் நேரம் மிச்சமாகிறது என்பதே ஷிஃப்ட்டுக்குப் போகிறவருக்குப் பெரிய காரணம். அதே சமயம், பழனியில் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் போய் உலகச் சந்தைக்குச் சேர்வதும், இந்தியக் கோயில் முடிக்கு வெளிநாட்டு விக் தயாரிப்பாளர்கள் நல்ல விலை தருவது அந்த முடியில் பெரும்பாலும் சாயமோ ரசாயனமோ ஏறியிருக்காது என்பதற்காகத்தான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்து செய்கிற முடிவு அவரவர் உரிமை. தெரியவிடாமல் விற்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

தெரியவிடாமல் விற்பதற்கு வசதியாகவே அந்த நாற்காலி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி பாக்கெட்டின் மேல் உட்பொருள்கள், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் அந்தப் பாக்கெட்டைப் பார்ப்பதே இல்லை. உள்ளறையில் கலந்து, ஒரு கிண்ணத்தில் வெள்ளை க்ரீமாகத்தான் அது வெளியே வருகிறது. ஆறு மாதம் கழித்து வேறொரு பார்லருக்குப் போகும்போது, முன்பு போட்டது தயோகிளைகோலேட்டா, காஸ்டிக் சோடாவா, கிளையாக்ஸிலிக் அமிலமா என்று செய்துகொண்டவருக்கும் தெரியாது, செய்யப்போகிறவருக்கும் தெரியாது. தயோகிளைகோலேட்டும் காஸ்டிக் சோடாவும் ஒரே முடியில் அடுத்தடுத்து ஏறினால் அது கையோடு ஒடிந்து வரும் என்பது அழகுக்கலைப் பாடத்தில் உள்ளது. பாக்கெட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். செல்ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், தொகுதி எண், பூசிய தேதி, தலை முழுக்கவா வேர்ப் பகுதிக்கு மட்டுமா என்ற விவரம், இந்த நான்கையும் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.